குழந்தை சொன்னதைக் கேட்டவர் யாரிடம் போக வேண்டும்?

மாலை வகுப்பு (பென்னாகரம் வட்டம்):

அனைவருக்கும் வணக்கம். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த நான், இப்போதும் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒரு பிள்ளையைப் பற்றித்தான் கேட்க வந்தேன். பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது எதையும் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. எங்கள் பக்கத்தில் இப்படித் தெருவுக்கு நான்கைந்து வீடுகள் இருப்பது தருமபுரிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

சில வாரங்களாக அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. மற்றவர்கள் போன பின்னும் நோட்டை மூடாமல், எழுதியதையே அழித்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட உறவினரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த உறவினர் பாட்டிக்கு மாத்திரை வாங்கி வருபவர், பிள்ளைக்குத் தன் செல்போனைக் கொடுத்து விளையாட விடுபவர், ஊரில் எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் மனிதர். நேற்று, நான் எதுவும் கேட்காதபோதே, அவர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பிள்ளை இரண்டு வாக்கியங்கள் சொன்னது. அவற்றை இங்கே எழுத மாட்டேன். எந்தக் குழந்தைக்கும் நேரக்கூடாத ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. பாட்டியோ, வெளியில் தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும், ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கண்டித்துவிடலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நான் புகார் சொல்லலாமா? நாளை அது நிரூபிக்கப்படாமல் போனால் என் மீது வழக்கு வருமா? யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பிள்ளை கேட்டுக்கொண்டதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நெறியாளர்:

பதிவிட்டவர் விவரங்களை மறைத்திருப்பது மிகவும் சரியானது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், அண்டை வீடு என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதை, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே இந்த இழையில் எவரும் எந்த ஊர், யார் வீடு என்று ஊகிக்க வேண்டாம். அத்தகைய பதிவுகளை உடனே நீக்கிவிடுவேன். பிள்ளை இன்றிரவு அந்த மனிதர் வந்து போகும் வீட்டில்தான் தூங்கப்போகிறது என்றால், கீழே வரும் பதில்களுக்காகக் காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112 என்ற அவசர எண்ணையோ இப்போதே அழையுங்கள்.

வழக்கறிஞர், தருமபுரி:

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெற்றோரோ பாட்டியோ சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. குழந்தை உங்களிடம் சொன்ன அந்த நொடியிலிருந்து கடமை உங்களுடையது ஆகிவிட்டது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தையை மட்டும் தண்டிக்க முடியாது என்பதையும் அதே பிரிவு கூறுகிறது.

இரண்டாவது அச்சமும் தேவையற்றது. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது என்று 19-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு உறுதியளிக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று சொல்லிப் பலரை மிரட்டுகிறார்கள். அது, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொன்னவர்களுக்கான பிரிவு. நிரூபிக்கப்படாத புகாரும் பொய்ப் புகாரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. நிரூபிக்கும் வேலை உங்களுடையதன்று, காவல்துறையினுடையது.

எங்கே போவது என்றால், எந்தக் காவல் நிலையத்திலும் சொல்லலாம். அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் வேண்டும் என்பதில்லை. எல்லை வேறு என்று திருப்பி அனுப்பவும் கூடாது. மனுவை வாங்கிக்கொண்டு, மனு வந்தது என்பதற்கு மட்டும் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைத்தால் அதை ஏற்க வேண்டாம். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் கூறியுள்ளது. போக்சோ தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலரும் நான் மேலே சொன்ன 21-ஆம் பிரிவுக்கு உட்பட்டவரே. காவல் நிலையத்தின் படியேறத் தயக்கமாக இருந்தால் 1098-ஐ அழையுங்கள். கட்டணமில்லாத எண், இரவும் பகலும் இயங்குவது. தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அங்கிருந்து ஆள் வருவார்கள்.

குழந்தைக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னதை நான் நம்புகிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை, உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் நான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். மேற்கொண்டு எதையும் துருவிக் கேட்க வேண்டாம். பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரிடம் நேரில் போய்க் கேட்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். அவர் எச்சரிக்கையடைந்த மறுகணமே பிள்ளை மீது அழுத்தம் தொடங்கிவிடும்.

காரிமங்கலத்தான்:

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் தெரிந்தவர்கள் சட்டத்தைச் சொல்கிறீர்கள். ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தால் அந்தப் பிள்ளை எத்தனை முறை நீதிமன்றப் படி ஏற வேண்டும்? ஜீப் வந்து நின்றால் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடுமே? பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து, அந்த ஆளை அந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு, குடும்பத்துக்கும் மானம் என்பதே என் கருத்து. பெண் பிள்ளை உள்ள வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் அக்கறையோடுதான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (பர்கூர்):

ஐயா, உங்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஊரில் பேசி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நீண்ட பணிக்காலத்தில் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுதிக் கொடுத்த ஆள் அதே ஊரில்தான் இருப்பார். திருவிழாவில், கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில் பிள்ளை அவரைப் பார்க்கும். சொன்னால் ஒன்றும் நடக்காது என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும், அதன் பிறகு வாயே திறக்காது. அந்த வீட்டுப் பக்கம் வரத் தடை விதிக்கப்பட்டவருக்கு அடுத்த தெருவில் தடையில்லை. அங்கும் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டத்தில் உட்காரும் பெரியவர்களில் பாதிப் பேர் அவருக்கு மாமன் மச்சான் முறை உள்ளவர்களாக இருப்பார்கள் என்பதையும் நாம் அறிவோம். மானம் என்று நீங்கள் சொல்வது யாருடைய மானம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். குற்றம் செய்தவருடையதைத்தான் அந்தக் கூட்டம் காப்பாற்றுகிறது.

எங்கள் மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம் நடந்தது. அதில் மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள். பயிற்சியாளர் என்று சொல்லி வந்தவர் மட்டுமன்றி, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். வந்தவர் என்.சி.சி. சீருடை அணிந்திருக்கிறார் என்பதைப் பார்த்தவர்கள், அவரை அனுப்பியது யார் என்று ஒரு கடிதம் கேட்டிருந்தால் அந்த முகாமே நடந்திருக்காது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இதே மாவட்டத்தில் மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மூன்று ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்த மாணவி நீண்ட நாளாகப் பள்ளிக்கு வராததை விசாரிக்கப் போனபோதுதான் விவரம் வெளியே வந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. என்னைப் போன்ற ஆசிரியர்கள் அதை இருமுறை படிக்க வேண்டும். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் வெறுமனே ஒரு 'அ' போட்டுவிட்டுப் போவதும், வீடு தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பதும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்று பாருங்கள்.

செவிலியர் (ஓசூர்):

மருத்துவமனை பற்றிச் சில செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். சம்பவம் அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் அழைத்து வாருங்கள். அந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும், காகித உறையில் வையுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடுப்பு மாத்திரைக்கும் முந்துவதே நல்லது. அதற்காக, நாள் கடந்துவிட்டது, இனிப் போய்ப் பயனில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எத்தனை மாதம் கழித்து வந்தாலும் மருத்துவமும் மன ஆறுதலும் தேவைப்படும். கன்னித்தன்மையைச் சோதிப்பதாகச் சொல்லப்பட்ட பழைய இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் கடுமையாகத் தடை செய்துவிட்டது. அதை நினைத்து அஞ்ச வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான குழந்தைகளின் உடலில் எந்தக் காயமும் தெரியாது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், ஆகவே பிள்ளை கதை கட்டுகிறது என்று முடிவு கட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. உடலில் அடையாளம் இல்லாததால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. குழந்தையின் வாய்ச்சொல்தான் முதன்மையான சாட்சியம்.

அரூர்வாசி:

ஆண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் பேசிய குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகக் கூறினார்கள். அப்படிக் கூறியவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களில் இல்லை என்றாலும் நம் ஊர் மட்டும் விலக்கு என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணத்தில்தான் விடுதிகளிலும், வாலிபால் பயிற்சியிலும், கோயில் திருவிழா இரவுகளிலும் நாம் ஆண் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுகிறோம். அவர்கள் அழ மாட்டார்கள். கோபப்படுவார்கள், சண்டை போடுவார்கள், பள்ளியை விட்டு நின்று கோழிப் பண்ணைக்கோ கல்குவாரிக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒரு பையனிடம், உனக்கு யாராவது தொல்லை தருகிறார்களா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும்.

மாலை வகுப்பு (பென்னாகரம் வட்டம்):

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நெறியாளரின் பதிலைப் படித்த அன்றிரவே 1098-ஐ அழைத்தேன். என் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை என்றார்கள், நானாகவே சொன்னேன். தேவையான அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். வந்தவர்கள் ஜீப்பில் வரவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரும், சாதாரணச் சேலையில் ஒரு பெண் உதவி ஆய்வாளரும் வந்தார்கள். தெருவில் பார்த்தவர்கள் மகளிர் குழுக் கடன் விஷயமாக வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று பிள்ளையிடமே கேட்டார்கள். பிள்ளை எங்கள் வீட்டுச் சமையலறையைச் சொன்னது. உதவி ஆய்வாளர் தரையில் உட்கார்ந்து, பிள்ளை உரித்துக்கொண்டிருந்த நிலக்கடலையைத் தானும் சேர்ந்து உரித்தபடி, பள்ளி, ஆட்டுக்குட்டி என்று நெடுநேரம் பேசிய பிறகே விஷயத்துக்கு வந்தார். காரிமங்கலம் ஐயா அஞ்சியதைப் போலத்தான் நானும் அஞ்சியிருந்தேன், ஆனால் அப்படி நடக்கவில்லை. தாய் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். இத்தகைய பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக்குழு, பிள்ளையைத் தாயின் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. மற்றவை வழக்கில் இருப்பதால் எழுதக் கூடாது.

வழக்கறிஞர், தருமபுரி:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. நீங்கள் கண்டது சட்டம் எழுதி வைத்திருக்கும் முறைதான். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடிய வரையில் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை என்பதும் உண்மையே. நடக்காத இடத்தில் மக்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காகவே பிரிவு எண்ணோடு எழுதுகிறேன்.

கிராம சுகாதாரச் செவிலியர் (தேன்கனிக்கோட்டை):

எங்கள் மலைப் பகுதியில் இதன் இன்னொரு முகம் குழந்தைத் திருமணம். அஞ்செட்டி, தளி பக்கத்து மலை ஊர்களில் ஒன்பதாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தி உறவுக்குள்ளேயே கட்டிக் கொடுத்துவிட்டு, கட்டிக்கொண்டவன்தானே, இதில் குற்றம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். 18 வயது நிரம்பாத மனைவியுடன் கணவன் கொள்ளும் உடலுறவும் பாலியல் வன்கொடுமையே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. தாலி கட்டியதால் போக்சோ விலகிப் போகாது.

இதில் எனக்குள்ள பெரிய கவலை வேறு. வழக்கு வரும் என்ற அச்சத்தில் கர்ப்பமான சிறுமியை மருத்துவமனைக்கே கொண்டுவராமல் மறைக்கிறார்கள், அல்லது எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் ஏதாவது ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார்கள். பதினைந்து வயது உடல் பிரசவத்தைத் தாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்லத் தேவையில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியிருக்கிறது. இது ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்தாலே பாதிப் பேர் துணிந்து வருவார்கள். அதைவிட முக்கியம், திருமணம் நடப்பதற்கு முன்பே 1098-க்குச் சொல்லிவிடுவது. பத்திரிகை அடித்து, பந்தல் போடும் வரை காத்திருந்து கடைசி நாளில் தகவல் தருகிறார்கள். அதற்குள் கடன் வாங்கிச் செலவழித்த குடும்பம் எப்படியும் முடித்துவிடத் துடிக்கிறது.

இரு பிள்ளைகளின் தாய் (கிருஷ்ணகிரி):

என் பிள்ளைகள் ஐந்து வயதும் பதினொரு வயதும் ஆனவர்கள். அச்சமூட்டாமல் எதைச் சொல்லித் தருவது, எப்போது தொடங்குவது? பள்ளியில் தொடக்கூடிய இடம், தொடக்கூடாத இடம் என்று ஒரு நாள் படம் காட்டினார்கள், அதோடு சரி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (பர்கூர்):

ஒரு நாள் படம் போதாது, அம்மா. உடல் உறுப்புகள் அனைத்துக்கும் வெட்கப்படாமல் சொல்லக்கூடிய பெயர்களை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குளிப்பாட்டும்போதே சொல்லித் தரலாம். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மாமாவுக்கு முத்தம் கொடு, தாத்தா மடியில் உட்கார் என்று பிள்ளை ஒதுங்கும்போதும் தள்ளிவிடுவதை இன்றே நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதை வீட்டில் அனுபவித்த பிள்ளைதான் வெளியில் வேண்டாம் என்று சொல்லும். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் எதைச் சொன்னாலும், அது மிட்டாயானாலும் வீடியோவானாலும், அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குழந்தையை வசப்படுத்த நினைப்பவர் முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவார், பிறகு சின்னச் சின்ன இரகசியங்களைப் பிள்ளையோடு பகிர்ந்து சோதித்துப் பார்ப்பார். முதல் இரகசியம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அவர் அடுத்த அடி வைக்க அஞ்சுவார்.

பதினொரு வயதுப் பிள்ளையிடம் செல்போனைப் பற்றிப் பேசுங்கள். படம் அனுப்பச் சொல்லி மிரட்டினால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் தரலாம். செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பள்ளியில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலிலேயே, எல்லோர் கண்ணும் படும் இடத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பள்ளி சார்ந்த புகாரைச் சொல்லலாம். ஆனாலும் எவ்வளவு சொல்லித் தந்தாலும், தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடக் கூடாது. முகாம், பயிற்சி, சுற்றுலா என்று அழைத்துப் போகிறவரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்பதும், இரவில் தங்கவைத்தால் உடன் செல்லும் பெண் ஆசிரியர் யார் என்று கேட்பதும் நம் வேலை.

காரிமங்கலத்தான்:

எல்லாவற்றையும் படித்தேன். தலைமையாசிரியர் ஐயா கேட்ட, யாருடைய மானம் என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஒன்றை மட்டும் வழக்கறிஞரிடம் கேட்கிறேன். வழக்குப் பதிவான பிறகு, உறவினர்கள் சேர்ந்து அந்தத் தாயை நெருக்கி, பணமோ நிலமோ கொடுத்துச் சமாதானம் எழுதி வாங்கினால் வழக்கு நின்றுவிடுமா? எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கும் என்று சொல்கிறார்கள்.

வழக்கறிஞர், தருமபுரி:

நிற்காது, ஐயா. சிறுமியின் தந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரும் சமாதானம் செய்துகொண்டார்கள் என்ற காரணத்துக்காக இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்கை, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. இத்தகைய குற்றம் சமூகத்துக்கு எதிரானது, இரு தரப்புத் தனிப்பட்ட தகராறாக அதைக் கருத முடியாது என்பதே அதன் சாரம். அதனால் சமாதானப் பத்திரம் எழுதி வாங்குபவர்கள் பணத்தைக் கொடுத்தும் பயன் பெற மாட்டார்கள்.

ஆனால் அவர்கள் வேறு வழியில் வருவார்கள்: பிள்ளையை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்ல வைப்பார்கள். மாலை வகுப்பு சகோதரி அந்தத் தாயிடம் சொல்லிவைக்க வேண்டியது இதுதான். குழந்தைகள் நலக்குழுவிடம் ஓர் ஆதரவு நபரைக் கேட்டுப் பெறலாம். விசாரணை முதல் தீர்ப்பு வரை அவர் குடும்பத்துடன் இருப்பார். நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலத்தை விரைவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். யாராவது மிரட்டினாலோ பேரம் பேசினாலோ விசாரணை அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாமல் ஊரில் தங்கியிருக்கும் தாய்க்குக் கைச்செலவுக்கே தட்டுப்பாடு வரும், பணத்தோடு வருபவர்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆகவே தீர்ப்பு வரும் வரை காத்திருக்காமல், இடைக்கால இழப்பீடு கோரிச் சிறப்பு நீதிமன்றத்தில் இப்போதே மனுச் செய்யலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அதற்கான வழக்கறிஞரைக் கட்டணமின்றித் தருவார்கள். அலுவலகம் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், பிள்ளையின் ஆதார், தாயின் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள்.